மணக்கும் சிலைகளும் நம் வீட்டுச் சுவரும்

ஊருக்குப் போகிற வருடம் என்றால் நம்மவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டியல் இருக்கும். குலதெய்வம் கோயில், இரண்டு கல்யாணம், ஒரு கிரகப்பிரவேசம், பல் டாக்டர், பிளவுஸ் தைக்கக் கொடுப்பது, பேங்க் வேலை. பிள்ளைகளுக்காக ஒரு தீம் பார்க், ஒரு மால். மூன்று வாரம் போவதே தெரியாது. திரும்பி வந்து பெட்டியைப் பிரித்தால் ஊறுகாய் கசிந்திருக்கும்.

அந்தப் பட்டியலில் 'ஓவியக் கண்காட்சி' என்று ஒரு வரி எழுதி வைத்திருப்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை. கண்காட்சி என்றால் நமக்குப் பொருட்காட்சிதான். டெல்லி அப்பளம், ராட்டினம், மரணக் கிணறு. ஓவியம், சிற்பம் என்று பேச்செடுத்தால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, "அதெல்லாம் பணக்காரங்க சமாசாரம்". இன்னொன்று, "நமக்கு அதெல்லாம் என்னங்க புரியும்?"

இரண்டும் சரியில்லை என்பது என் கட்சி. அதிலும் இயற்கையை வைத்துச் செய்த அச்சோவியமும் சிற்பமும் வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு மற்ற எவரையும் விட அதிகம் தேவை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2014 டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தோம். நாகர்கோவிலில் மாமனார் வீடு. அங்கிருந்து ரயில் ஏறி எர்ணாகுளம் போய், கும்பளங்கியில் மூன்று நாள் தங்கினோம். 2019-ல் 'கும்பளங்கி நைட்ஸ்' படம் வந்த பிறகு அந்த ஊர்ப் பெயர் எல்லோருக்கும் தெரியும். அப்போது தங்கமணிக்கே தெரியாது. "கொச்சின்னு சொல்லிட்டு இது எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்றுதான் ஆட்டோவில் கேட்டுக்கொண்டு வந்தாள்.

கும்பளங்கி கொச்சி நகரத்துக்குத் தெற்கே, காயலுக்கு நடுவே கிடக்கும் தீவு கிராமம். வீட்டுக்கு முன்னால் தண்ணீர், பின்னால் தண்ணீர். சீனவலைகள். கரையோரம் கண்டல் காடு (நம் பிச்சாவரத்துச் சுரபுன்னைக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்). நடுவே பொக்காளி வயல்கள். பொக்காளி என்பது உப்புத் தண்ணீரைத் தாங்கும் நெல். மழைக்காலத்தில் உப்பு குறைந்ததும் விதைப்பார்கள், ஐப்பசி வாக்கில் கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு தூம்பைத் திறந்து காயல் தண்ணீரை உள்ளே விட்டால், அழுகும் தாளை நம்பி இறால் வளரும். செம்மீன் கெட்டு என்று பெயர். இறாலின் கழிவு அடுத்த வருட நெல்லுக்கு உரம். பூச்சிமருந்தும் வேண்டாம், யூரியாவும் வேண்டாம். நாங்கள் போனது டிசம்பர் என்பதால் வயலெல்லாம் தண்ணீராகக் கிடந்தது. என் ஆறு வயதுப் பையன் அதை ஏரி என்றே நினைத்துக்கொண்டான்.

அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் ஃபோர்ட் கொச்சி. அந்த வருடம் கொச்சி முசிறிஸ் பினாலேயின் இரண்டாவது பதிப்பு நடந்துகொண்டிருந்தது. 2012 டிசம்பர் 12-ல் தொடங்கிய விழா அது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் உள்ள பழைய கிடங்குகளிலும் மாளிகைகளிலும் நடக்கும். 2014-ல் அதன் பொறுப்பாளர் ஜிதிஷ் கல்லாட். ஆஸ்பின்வால் ஹவுஸ் என்கிற பழைய கம்பெனிக் கட்டடத்தில் அனிஷ் கபூர் தரையில் குழி தோண்டி ஒரு நீர்ச்சுழலைச் செய்து வைத்திருந்தார். கறுப்புத் தண்ணீர் ஓயாமல் சுழன்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பையன் அதன் முன்னால் இருபது நிமிடம் நின்றான். "இது எங்கப்பா போகுது?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். யாருக்கும் பதில் தெரியாது.

நான் சொல்ல வந்தது அதற்குப் பக்கத்தில், கால்வத்தி ரோட்டில் இருக்கும் பெப்பர் ஹவுஸ் பற்றி. ஓட்டுக் கூரை, நடுவில் முற்றம், பின்னால் கடல். ஒரு காலத்தில் மிளகும் மற்ற சரக்கும் கப்பலேறக் காத்திருந்த கிடங்கு. அதில் ஒரு அறைக்குள் நுழையும் முன்பே வாசனை வந்துவிட்டது. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "அப்பா, இது பிரியாணியா, சர்ச்சா?" என்றாள்.

இரண்டும்தான். பெனிதா பெர்சியாள் என்ற கலைஞர் செய்த 'விசுவாசத்தின் நெருப்புகள்' என்னும் சிற்பத் தொகுதி அது. கிறிஸ்தவத் திருவுருவங்கள். ஆனால் கல்லில்லை, வெண்கலமும் இல்லை. குந்திரிக்கம், வெள்ளைப்போளம், மரப்பட்டைத் தூள், பட்டை, கிராம்பு, எலுமிச்சம்புல், தேவதாரு. இவற்றையெல்லாம் சேர்த்துப் பிசைந்து வார்த்த உருவங்கள். பழுப்பு நிறத்தில், பார்த்தால் நூறு வருடம் மண்ணுக்கடியில் கிடந்து எடுத்தவை போல இருந்தன. காற்றில் ஈரம் கூடினால் இந்தச் சரக்கெல்லாம் ஈரம் இழுக்கும். வெயில் ஏறினால் மணம் கூடும். நாள் போகப் போக மாறும். கல் சிலைக்கு இந்தப் பாடு கிடையாது.

பெனிதா திருவண்ணாமலையில் பிறந்தவர். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்து, மேற்படிப்பில் அச்சோவியம் படித்தவர். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கிய கல்லூரி அது. நம்மில் எத்தனை பேர் எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு ஈவெரா சாலையில் அதைத் தாண்டிப் போயிருக்கிறோம்! உள்ளே என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

கொச்சியில் இந்தச் சிலைகளை வைத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் அரபு நாட்டிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் வந்த சரக்கு. பட்டையும் மிளகும் இங்கிருந்து போன சரக்கு. புனித தோமையார் கி.பி. 52-ல் வந்திறங்கியதாகச் சொல்லும் முசிறி, கொச்சிக்குக் கொஞ்சம் வடக்கே கொடுங்கல்லூர்ப் பக்கம். சரக்கு வந்த வழியில்தான் சாமியும் வந்தது. இதை விளக்கப் பலகையில் எழுதி ஒட்டினால் எவன் படிப்பான்? மூக்கு வழியாகச் சொன்னால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் விளங்கிவிடுகிறது. "நமக்கு என்ன புரியும்?" என்பவர்களுக்கு என் முதல் பதில் இதுதான். புரிவதற்கு முன்னால் மோந்து பாருங்கள் சார்.

இரண்டாவது, அச்சோவியம். இது பலருக்குக் குழப்பம். "அச்சுன்னா பிரிண்ட்டுதானே, ஜெராக்ஸ் மாதிரி?" என்று என் நண்பரே கேட்டிருக்கிறார். கிடையாது. முறுக்கு அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சைச் செதுக்கியவன் ஒரு கலைஞன். மாவைப் பதம் பார்த்துப் பிழிகிற கை இன்னொரு கலை. தாமிரம் அல்லது துத்தநாகத் தகட்டில் கலைஞரே கீறி, அமிலத்தில் அரித்து, மை தேய்த்து, துடைத்து, ஈரத் தாளை மேலே வைத்து, பிரஸ்ஸில் உருட்டி எடுப்பது. இருபது, இருபத்தைந்து பிரதிகள் எடுப்பார். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் 7/25 என்பது போல எண் போட்டுக் கையெழுத்திடுவார். அத்தனையும் அசல்தான். நகல் என்று ஒன்று அதில் இல்லை.

இந்தக் கலையில் உலகமே திரும்பிப் பார்த்த ஒருவர் நம் பக்கத்துக்காரர். கிருஷ்ணா ரெட்டி, 1925-ல் பழைய சென்னை ராஜதானியின் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். சாந்திநிகேதனில் படித்துவிட்டு 1947 முதல் 1949 வரை சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்றுக்கொடுத்தார். பிறகு லண்டனில் ஹென்றி மூரிடம் சிற்பம், பாரிசில் ஹெய்ட்டரின் பட்டறையில் அச்சோவியம். சிற்பி என்பதால் தகட்டையே ஒரு சிற்பம் போலப் பல ஆழங்களில் குடைந்தார். எண்ணெய் கூடிய மையும் குறைந்த மையும் ஒன்றோடொன்று கலக்காது என்பதை வைத்து, மெத்தென்ற உருளையால் ஆழத்துக்கு ஒரு நிறம், கெட்டியான உருளையால் மேட்டுக்கு ஒரு நிறம் என்று பூசி, ஒரே தகட்டில் ஒரே உருட்டலில் பல நிறங்களை எடுக்கும் முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். மீன், பூச்சி, அலை, செடி, இவைதான் அவருக்கு விஷயம். 1963-ல் அவர் செய்த ஒரு அச்சின் பெயரே 'நீர்ச்சுழல்'.

2016 அக்டோபரிலிருந்து 2017 மார்ச் வரை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் ஹெய்ட்டர், கிருஷ்ணா ரெட்டி, ஜரீனா மூவரையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். இங்கே எடிசனிலிருந்து ரயில் ஏறினால் பென் ஸ்டேஷன் ஒரு மணி நேரம்கூட ஆகாது. போனோம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் தாளில் மேடு பள்ளம் தெரியும். தண்ணீரை வரைந்திருக்கிறார் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் எப்படி ஓடுகிறதோ அதே மாதிரி மையை ஓட விட்டிருக்கிறார். 'இயற்கையிலிருந்து பிறந்த கலை' என்றால் எனக்கு இதுதான் அளவுகோல். ரோஜாப்பூவை அச்சு அசலாக வரைந்து வைப்பதில் பெரிதாக ஒன்றுமில்லை, காமிரா அதைச் செய்துவிடும். பெனிதாவின் குந்திரிக்கம் காற்றோடு பேசுகிறது, ரெட்டியின் மை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வழி தேடுகிறது. செய்பவரும் பொருளும் பாதிப் பாதி.

அந்தக் கண்காட்சியில் நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். அன்று ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலில் கூட்டம் நன்றாகவே இருந்திருக்கும். (பிள்ளையார் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கேண்டீன் தோசைக்கு நானும் அடிமை.)

இப்போது எதிர்க்கட்சியின் வாதம். இதைக் கும்பளங்கியில் நாங்கள் தங்கிய வீட்டுச் சேட்டனே சொன்னார். சாயங்காலம் திரும்பி வந்து, மணக்கும் சிலைகளைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொன்னார்: "படம் பார்க்க அமெரிக்காவிலிருந்து ஆள் வருது சாரே. கதிர் அறுக்க அடுத்த வீட்டிலிருந்து ஆள் வரல."

உண்மை. பொக்காளியைச் சேற்றில் இடுப்பளவு நின்று கையால்தான் அறுக்க வேண்டும். ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டுபடியாவதில்லை. வருடம் முழுவதும் இறாலும் மீனும் வளர்த்தால் காசு. நெல் கைவிடப்பட்ட வயல்கள் வருடத்துக்கு வருடம் கூடுகின்றன. புவிசார் குறியீடு கிடைத்தும் அந்த நெல் சுருங்கிக்கொண்டேதான் வருகிறது. கண்டல் வெட்டிய கரையில் மண் நிற்பதில்லை. பக்கத்து ஊர் செல்லானத்தில் 2017-ல் ஒக்கி புயலின்போது கடல் வீடுகளுக்குள் வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இயற்கை செத்துக்கொண்டிருக்கும் ஊரில் இயற்கையைப் பற்றிக் கண்காட்சி வைத்து என்ன பிரயோஜனம் என்பது நியாயமான கேள்வி. கண்காட்சி எந்தக் கண்டலையும் காப்பாற்றாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் கொச்சியிலேயே இதற்கு ஒரு பதிலும் இருக்கிறது. 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்று ஒரு நூல். மலபாரின் தோட்டம் என்று பொருள். 1670-களில் கொச்சியில் டச்சுக்காரர்களின் அதிகாரியாக இருந்த வான் ரீட் தொகுத்தது. 1678-லிருந்து 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சானது. 700-க்கும் மேற்பட்ட செடிகொடிகள், பெரிய பெரிய தாமிரத் தகட்டு அச்சோவியங்களோடு. இந்தியச் செடிகளை வைத்து அச்சோவியம் செய்த மிகப் பெரிய வேலைகளில் இதுவும் ஒன்று என்று தைரியமாகச் சொல்லலாம். இங்கே கொச்சியில் வரைந்தார்கள், அங்கே தகட்டில் செதுக்கினார்கள்.

செடியைக் காட்டிக்கொடுத்தது யார்? சேர்த்தலை பக்கம் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். கூடவே ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற கொங்கணி வைத்தியர்கள் மூன்று பேர். அச்சுதன் தன் வீட்டு ஓலைச்சுவடியிலிருந்து செடியின் பெயரையும் குணத்தையும் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். படங்களின் ஓரத்தில் செடியின் பெயர் லத்தீன் எழுத்தில் மட்டும் இல்லை, மலையாள எழுத்திலும் அரபியிலும் நாகரியிலும் செதுக்கப்பட்டிருக்கிறது. மலையாள எழுத்து முதன்முதலில் அச்சேறியது அந்தத் தகடுகளில்தான் என்பார்கள். முதல் தொகுதியின் முதல் மரம் எது தெரியுமா? தென்னை. பெயர் 'தெங்கா'. நம் வீட்டுப் பிள்ளைகூட எழுத்துக்கூட்டிப் படித்தால் கண்டுபிடித்துவிடும்.

பிறகு லின்னேயஸ் வந்து அந்த நூலையும் பார்த்துச் செடிகளுக்கு லத்தீன் பெயர் வைத்தார். கேரளத்தின் கே.எஸ். மணிலால் தன் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவழித்து அதை லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கும் (2003), மலையாளத்துக்கும் (2008) கொண்டுவந்தார். 325 வருடம் கழித்து ஊர்க்காரனின் அறிவு ஊர்க்காரன் படிக்கும்படி திரும்பி வந்தது. திரும்பி வருவதற்கு வழி வைத்தது எது? படத்தின் ஓரத்தில் செதுக்கின அந்தப் பெயர். படம் மட்டும் இருந்திருந்தால் அது அழகான இலை, அவ்வளவுதான்.

சேட்டனுக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இன்று கேட்டால் இதைச் சொல்வேன். கண்காட்சியால் வயலைக் காப்பாற்ற முடியாது. ஆனால் பெயர் தெரியாத ஒன்றை யாரும் காப்பாற்றப் போவதில்லை. பெயரும் மணமும் ஒரு பிள்ளையின் மனசில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் அக்கறை, போராட்டம் எல்லாம்.

நம் பிரச்சினை இங்கேதான் வருகிறது. என் பிள்ளைகளுக்கு மேப்பிள் தெரியும், ஓக் தெரியும், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். புங்கை, பூவரசு, நுணா, கண்டல் தெரியாது. "ட்ரீ" என்பார்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் 'ம - மரம்' என்று எழுதுவதோடு சரி, என்ன மரம் என்று யாரும் கேட்பதில்லை. மேலே சொன்ன ஜரீனா அலிகரில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்தவர், 2020-ல் காலமானார். 1999-ல் அவர் 36 மரச்செதுக்கு அச்சுகள் செய்தார். வீடு, வாசற்படி, முற்றம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு உருது வார்த்தை, அதற்கு ஒரு உருவம். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஒருவர் தன் சொல்லைக் காப்பாற்ற எடுத்துக்கொண்ட முயற்சி. நமக்கு அந்த அளவு திறமை வேண்டாம். அக்கறை போதும்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

ஊருக்குப் போகும்போது ஒரே ஒரு நாள் ஒதுக்குங்கள். கொச்சிக்குப் போக முடிந்தால் நல்லது (பினாலேயின் ஆறாவது பதிப்பு 2025 டிசம்பர் 12-ல் தொடங்கியது. கொரோனாவில் தடைபட்டாலும் விழா நிற்கவில்லை). சென்னையோடு சரி என்றால் ஈசிஆரில் சோழமண்டலம் இருக்கிறது. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் முன்நின்று கலைஞர்களே நிலம் வாங்கி உண்டாக்கிய கிராமம். கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாதமியின் மண்டல மையம் இருக்கிறது, அச்சோவியப் பட்டறையோடு. ஒரு குடும்பம் மாலில் ஒரு வேளை சாப்பிடுகிற காசு இதற்கெல்லாம் ஆகாது. இங்கேயே என்றால், நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட் மாணவர்களுக்கு மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் கொடுக்கிற காசுதான் டிக்கெட்.

முடிந்தால் ஒரு அச்சோவியம் வாங்குங்கள். ஒரே படம் பல பிரதி என்பதால் ஓவியத்தை விட விலை குறைவு. தாள் என்பதால் சுருட்டிக் குழாயில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடலாம், ஊறுகாய்க்கு எட்டாத பக்கமாக. எழுபது அங்குல டிவி வாங்கி மாட்டிய சுவரில் அதற்கும் ஒரு சாண் இடம் இருக்கும். வாழும் கலைஞர் ஒருவரின் அடுப்பு எரியும்.

வாங்க வசதிப்படாது என்றால் வீட்டிலேயே செய்யுங்கள். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மையில் தொட்டு வைத்தால் பூ. வாழைத்தண்டில் வட்டம் வட்டமாக வரும். தரையில் விழுந்த இலையைப் பெயிண்ட் தடவித் தாளில் அமுக்கினால் நரம்பெல்லாம் தெரியும். எங்கள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க இதுதான் நடந்தது. தங்கமணி வெண்டைக்காய் விலையைச் சொல்லித் திட்டினாள், நாலாவது தாளில் தானும் உட்கார்ந்துவிட்டாள். மகள் இப்போது காலேஜ் போகிறாள். கொச்சியில் பார்த்த சிலைகளின் முகம் அவளுக்கு ஞாபகம் இல்லை. குந்திரிக்கம் என்ற சொல் ஞாபகம் இருக்கிறது. எனக்கு அது போதும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். எந்த இலையை அச்செடுத்தாலும், எந்தப் படத்தை வாங்கி மாட்டினாலும், ஓரத்தில் அதன் பெயரைத் தமிழில் எழுதுங்கள். இட்டி அச்சுதன் விஷயத்தில் டச்சுக்காரன் செய்ததை நம் வீட்டில் நாம் செய்யலாம். பெயர் தெரியவில்லையா? ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் கேளுங்கள், இலையைக் காமிராவில் காட்டுங்கள். அம்மாவுக்குத் தெரியும். எதற்கு வைத்துக் கட்டுவார்கள், எதில் போட்டு அரைப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வார். அந்தப் பேச்சு அரை மணி நேரம் போகும். கூகிளிடம் பிறகு எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அம்மாவிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுங்கள்.